ரூம்மேட் "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான், யாரிடமும் சொல்லாதே என்கிறான்: என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி, மூன்றாம் ஆண்டு. ரூம்மேட்டின் முன்கையில் வரிவரியாகக் காயங்கள், சில ஆறியவை, சில புதியவை. நான்கு அரியர். "இருந்து என்ன ஆகப்போகுது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். வீட்டுக்கும் வார்டனுக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். சும்மா கவனத்தை இழுக்கத்தான் இப்படிச் செய்கிறானா, உண்மையிலேயே ஆபத்தா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது. இருபது வருட அனுபவமுள்ள மனநல மருத்துவராலும் "இவன் செய்துகொள்வான், அவன் செய்துகொள்ள மாட்டான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். உங்களால் ஆகிற காரியங்கள் வேறு. நேராகக் கேட்கலாம், ஆபத்தான மணி நேரங்களில் கூடவே இருக்கலாம், பொறுப்புள்ள ஒரு பெரியவர் கையில் ஒப்படைக்கலாம், ஒப்படைத்த பிறகும் தொடர்பு விடாமல் இருக்கலாம். முதல் மூன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான்காவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அதைப் பின்னால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காயங்களைப் பற்றி. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் அல்ல. தாங்க முடியாத பதற்றம், கோபம், அல்லது எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை இருக்கும்போது, உடல் வலி அதைச் சற்று நேரம் அடக்கிவிடுகிறது. பிறகு குற்ற உணர்ச்சி வருகிறது, காயத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறார்கள், அடுத்த முறை பதற்றம் ஏறும்போது மறுபடியும் அதே. ஊரைக் கூட்டிக் காட்டுவதற்காகச் செய்கிறவன் ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டை போட மாட்டான். ஆனால் "சாகறதுக்காகச் செய்யலையாம், அப்போ பயமில்லை" என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தப் பழக்கம் இருப்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். வலியைப் பற்றிய பயம் குறைந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆகவே காயம் என்பது நாடகமும் அல்ல, உடனடி மரண அறிவிப்பும் அல்ல. உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது? நம் ஊரில் இந்தக் கேள்வியை எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "டேய், அந்த மாதிரி எதுவும் பண்ணிக்க மாட்டல்ல?" இதற்கு ஒரே பதில்தான் உண்டு: "சேச்சே, அதெல்லாம் இல்லடா." கேட்டவருக்கு நிம்மதி. கேட்கப்பட்டவனுக்கு, இவனிடம் உண்மையைச் சொல்ல முடியாது என்பது உறுதியாகிவிட்டது. இப்படிக் கேளுங்கள்: "நீ சொன்னதை யோசிச்சிட்டே இருந்தேன். சாகணும்னு தோணுதாடா?" குரல் சாதாரணமாக இருக்கட்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட மௌனம் வரும். அதை நீங்கள் நிரப்பாதீர்கள்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம் ஆசிரியர்களுக்கே இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் கொஞ்சம் இறங்குகிறது.

ஆம் என்றால் இன்னும் நான்கு விஷயம் தெரிய வேண்டும். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா? எப்போது என்று மனதில் நாள் ஏதாவது இருக்கிறதா? அதற்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இதற்கு முன்னால் எப்போதாவது முயன்றிருக்கிறானா? முதல் மூன்றும் கூடக் கூட நேரம் குறைவு என்று பொருள். நான்காவதற்கு ஆம் என்றால், மற்ற பதில்கள் எப்படி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. முந்தைய முயற்சியைப்போல எடையுள்ள எச்சரிக்கை வேறு எதுவும் கிடையாது.

"செத்துடலாம்போல இருக்கு" என்பதை நம் பேச்சில் மெஸ் சாம்பாருக்கும் சொல்வோம், எம்-3 கணக்குப் பேப்பருக்கும் சொல்வோம். சொல்லை வைத்து அளக்க வேண்டாம், நடத்தையில் வந்த மாற்றத்தைப் பாருங்கள். தூக்கம் தலைகீழாகிவிட்டதா, மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டானா, லேப்டாப்பையும் பைக் சாவியையும் யாருக்கோ தூக்கிக் கொடுக்கிறானா, வாங்கிய ஐந்நூறு ரூபாய்க் கடனைத் தேடிப்போய் அடைக்கிறானா, வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறுகிறானா, குடிக்காதவன் குடிக்க ஆரம்பித்திருக்கிறானா அல்லது குடிப்பவனின் அளவு கூடியிருக்கிறதா. இதில் மிகவும் ஏமாற்றுகிற அறிகுறி ஒன்று உண்டு: வாரக்கணக்கில் இடிந்துபோய் இருந்தவன் எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது. பையன் தேறிவிட்டான் என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் அது இருக்கலாம். அன்றைக்கு மறுபடியும் கேளுங்கள்.

இனி, சொல்லக் கூடாத சில. "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா?" அவன் ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். கல்விக் கடன், அடமானம் வைத்த நகை, தான் வீட்டுக்குப் பாரம் என்கிற எண்ணம். அந்தக் கேள்வி பாரத்தின்மேல் இன்னொரு கல். "நாலு அரியருக்கா இப்படி? எனக்கு ஏழு" என்பதும் உதவாது, அவன் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "கோழைதான் இப்படிப் பண்ணுவான்" என்பதைச் சொல்லவே வேண்டாம். காரணத்தை மடக்கிக் கேட்டு வாதாடவும் வேண்டாம். அரியர் என்பது வெளியே தெரிகிற கொக்கி மட்டும். அதற்கடியில் நாட்பட்ட மனச்சோர்வு, காதல் முறிவு, லோன் ஆப்காரனின் மிரட்டல், தமிழ் வழியில் படித்து வந்து வகுப்பில் ஒரு வாக்கியம் பேசக் கூசுவது, சாதியைச் சொல்லிக் குத்திய ஒரு பேச்சு, சீனியர் தொல்லை, யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் அடையாளம் என்று எதுவும் இருக்கலாம், சேர்ந்தும் இருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் 1,70,924 தற்கொலைகள், அதில் மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டின் மொத்தம் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அந்த அறிக்கையில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணம் போட்டிருக்கும். அது காவல் நிலையத்தில் எழுதப்பட்ட காரணம். ஒரே காரணத்தால் நடக்கும் தற்கொலை அபூர்வம்.

சத்தியத்துக்கு வருகிறேன். அதை மீறுங்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் மீறாதீர்கள். அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்போ எனக்கு இவ்வளவு தெரியாது. இதை நான் ஒருத்தனா வச்சிருக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம்னு நீ சொல்லு, நானும் கூட வரேன்." யாரிடம் என்பதை அவன் தேர்ந்தெடுக்க விட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். பெரும்பாலும் அப்பா பெயர் வராது. அக்கா, சித்தி, மாமா, பழைய பள்ளி ஆசிரியர் என்று ஒருவர் பெயர் வரும். அது போதும். கோபித்துக்கொண்டு உங்களோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

இன்றிரவே ஆபத்து என்று தோன்றினால் (வழி, நேரம், பொருள் மூன்றும் தயார் என்றால் கண்டிப்பாக) அவனைத் தனியாக விடக் கூடாது. குளியலறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் போடாமல் போகச் சொல்லுங்கள். கூடவே இருப்பதை ஒருவரே செய்ய முடியாது, இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொத்த மாடியையும் கூட்ட வேண்டாம். அறையில் இருக்கும் மாத்திரைகள், கூர்மையான பொருள்கள், பூச்சிமருந்து வகையறாக்களை அவனுக்குத் தெரிந்தே எடுத்து வேறு கட்டிடத்துக்கு அனுப்புங்கள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது அரைகுறை வேலை. மது வேண்டவே வேண்டாம், ஆறுதலுக்கு ஒரு பீர்கூட. மது தயக்கத்தைத்தான் முதலில் கரைக்கும்.

பொருளை அகற்றுவது கண்துடைப்பு, செய்ய நினைப்பவன் எப்படியும் செய்வான் என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. இளைஞர்களிடம் கடைசி உந்துதலுக்கும் செயலுக்கும் இடையே உள்ள நேரம் பல சமயம் சில நிமிடங்கள், சில மணி நேரம். அந்த அலை தணியும்வரை கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால், பெரும்பாலோர் வேறு வழி தேடிப் போவதில்லை. உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதும் இல்லை.

எண்கள்: 14416, டெலி மனாஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண்தான் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'. அவன் பேச மறுத்தால் நீங்கள் அழைத்து "ரூம்மேட் இப்படி இருக்கிறான், அடுத்து என்ன செய்ய?" என்று கேட்கலாம். ஸ்நேகா, 044-24640050. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம். தன்னார்வலர்கள் கேட்பார்கள், அறிவுரை மழை இருக்காது. தமிழக அரசின் 104-லும் மன ஆலோசனை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இவை எதுவும் வேண்டாம், நேராக 108.

ஒருவேளை எதையாவது விழுங்கிவிட்டான் என்று தெரிந்தால் நம் ஊர்க் கைவைத்தியம் அத்தனையும் தப்பு. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல், முட்டை வெள்ளைக்கரு எதுவும் கொடுக்காதீர்கள். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போனால் விழுங்கிய பொருளைவிட அது பெரிய கேடு. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள். காலியான அட்டை, பாட்டில், உறை எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அதுதான் முதல் தகவல். "இப்போ நல்லாத்தான் இருக்கேன், காலையில பார்த்துக்கலாம்" என்றால் கேட்காதீர்கள். சில மாத்திரைகளும் சில நச்சுப் பொருள்களும் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரலைச் சாய்க்கும். அதற்கான சிகிச்சை ஆரம்ப மணி நேரங்களில் கொடுத்தால்தான் முழுப் பலன்.

எங்கே கொண்டுபோவது? அருகில் எந்த அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே. ஊருக்குள் என்றால் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே தள்ளி இருந்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இவை அனைத்திலும் மனநலப் பிரிவு உண்டு, செலவு கிடையாது. உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எண்ணம்தான் என்றால் இங்கேயே காலை ஓ.பி.யில் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். மேடவாக்கம் டேங்க் ரோட்டில் உள்ள கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். 1794-லிருந்து இருக்கும் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி நாம் பண்ணும் கேலியால்தான் பல பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்த பயம், போலீஸ் கேஸ். இது எத்தனை உயிரைத் தாமதப்படுத்தியிருக்கிறது என்று சொல்லி மாளாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், வழக்குத் தொடர்ந்து தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ தற்கொலை முயற்சி செய்வதை மட்டும் அதன் 226-ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. அது இவனுக்குப் பொருந்தாது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் வாங்கலாம். அது நடைமுறை. அதற்காக "கால் தவறி விழுந்தான்", "தெரியாமல் குடிச்சிட்டான்" என்று மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். பொய் சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்ப மாட்டார்கள், காயத்தை மட்டும் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிகிச்சையை முதலில் தொடங்கு, காவல் நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும்.

வார்டனிடம் சொல்வதா? சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு போங்கள். "சார், அவன் ஒரு மாதிரி இருக்கான்" என்று இழுத்தால் அது புகார். "சார், அவன் சாகணும்னு சொல்றான், நேத்து ராத்திரி நாங்க கூட இருந்தோம், இன்னைக்கு டாக்டரைப் பார்க்கணும், வண்டி வேணும், அவங்க அக்காவுக்குப் போன் பண்ணிட்டோம்" என்றால் அது கோரிக்கை. முடிந்தால் கல்லூரியின் ஆலோசகரை முதலில் பாருங்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளரையாவது வைத்திருக்க வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும், ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி கொடுக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் ஆலோசகர் என்ற பலகை மாட்டிய அறையில் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாக உட்கார்ந்திருந்தால் அது ஆலோசனை மையம் ஆகாது. வெளியே போங்கள்.

விடுதிகள் வழக்கமாகச் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. பிரச்சினை என்று தெரிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அல்லது பெற்றோர் வரக்கூடக் காத்திராமல், அன்றிரவே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டுவிடுவது. விடுதிக்குள் எதுவும் நடக்கக் கூடாது என்கிற கணக்கு அது, பையனுடைய உயிர்க்கணக்கு அல்ல. அவமானப்பட்ட மனதோடு எட்டு மணி நேரம் தனியாக, ராத்திரி, ஜன்னலோரம். இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது. ஊருக்குப் போவதே நல்லது என்றால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட்டிப் போகட்டும், இல்லையென்றால் நண்பர் இருவர் வீடு வரை போகட்டும். போவதற்கு முன் ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோருக்குப் போன் செய்பவர் நான்கு விஷயங்களை மட்டும் சொன்னால் போதும்: பையன் இப்போது பத்திரமாக இருக்கிறான், அவன் சாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறான், நீங்கள் கிளம்பி வாருங்கள், வந்ததும் திட்டாதீர்கள். அரியர், காதல், கடன் விவரமெல்லாம் போனில் வேண்டாம், அதை அவன் சொல்லட்டும். வந்து இறங்கும் பெற்றோர் முதலில் செய்வது போனைப் பிடுங்குவது. நண்பர்களோடு இருக்கும் ஒரே கயிறும் அறுந்துபோகும். அடுத்தது, "ஒரு வாரம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று கூட்டிப்போய் செமஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்து விடுவது. கோயிலுக்குப் போகட்டும், மந்திரிக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். கூடவே மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீடேதான் காரணம் என்றால் கதை வேறு. அடிக்கிற அப்பா, வேறு சாதிக் காதலுக்காகப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் குடும்பம், பெண்ணின் மீது கைவைத்த உறவினர் போன்ற நிலைகளில் பெற்றோருக்கு முதல் அழைப்பு போகக் கூடாது. ஆலோசகர், 14416, பெண்கள் என்றால் 181 வழியாகப் போங்கள். பதினெட்டு நிரம்பியவர் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யலாம், மனநலச் சட்டப்படி தனக்காகப் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம், அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சீனியர் தொல்லை என்றால் யு.ஜி.சி.யின் ராகிங் எதிர்ப்பு எண் 1800-180-5522. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

மருந்து கொடுத்தால் இரண்டு விஷயம். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் வயிற்றுப் புரட்டலும் தூக்கக் கேடும் வரலாம், பலன் தெரியாது, பையன்கள் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குட்பட்டவர்களிடம் ஆரம்ப வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு, அதனால் அந்தக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி ஏதும் தோன்றினால் தானாக நிறுத்தாமல் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், அட்டை வேறொருவர் கையில் இருக்கட்டும்.

இப்போது எல்லோரும் கோட்டை விடும் இடம். மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டான், சிரிக்கிறான், அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார், கல்லூரியும் வேறு வேலை பார்க்கிறது. முயற்சிக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் மறுமுயற்சிக்கான ஆபத்து மிகுந்த காலம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வொன்று 2008-ல் வெளியானது. அதில் சென்னையும் ஒரு களம். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பு: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். பெரிய கருவி எதுவும் இல்லை, விலையுயர்ந்த மருந்தும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் தவறாமல் கேட்டார், தேவைப்பட்டால் எங்கே போக வேண்டும் என்று சொன்னார்.

அந்த அட்டவணையை உங்கள் போன் காலண்டரில் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் இல்லை, அவன் அக்காவும் துறை ஆலோசகரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். செமஸ்டர் ரிசல்ட் வரும் நாள், முயன்ற நாளின் மாத நினைவு, பிளேஸ்மென்ட் தொடங்கும் வாரம், விடுதி காலியாக இருக்கும் பொங்கல் விடுமுறை ஆகியவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

கூடவே, அவன் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஆலோசகரோடு எழுதினால் சிறப்பு. அரைப் பக்கம் போதும், ஆனால் அவனுடைய வார்த்தையில் இருக்க வேண்டும். முதலில், அலை வருகிறது என்பதைக் காட்டும் அவனுடைய சொந்த அறிகுறிகள்: "ரெண்டு நாளா குளிக்கலை", "ராத்திரி மூணு மணிக்கு ரிசல்ட் பக்கத்தையே திறந்து திறந்து பார்க்கிறேன்". அடுத்து, தனியாகச் செய்து பதினைந்து நிமிடம் கடத்தக்கூடியவை: முகத்தில் ஐஸ் தண்ணீர், மொட்டை மாடி தவிர எங்காவது நடை, ஒரு குறிப்பிட்ட பாட்டுப் பட்டியல். பிறகு, பிரச்சினையைப் பேசாமலே சும்மா போய் உட்காரக்கூடிய இடமும் ஆளும்: கேட் எதிரே டீக்கடை, தாம்பரத்தில் பெரியம்மா வீடு. பிறகு, விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய இரண்டு பேர், எண்ணோடு. பிறகு மருத்துவர், 14416, 108. கடைசியில், அறையில் எதெது இருக்கக் கூடாது, அது யாரிடம் இருக்கும். "மனசைத் திடமா வச்சுக்கணும்" போன்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள், இரவு மூன்று மணிக்கு அதைப் படித்து எவனும் எழுந்து உட்கார மாட்டான். "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் வழக்கமும் பயனற்றது. அடுத்த முறை சொல்லாமல் மறைக்கத்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

படிப்புச் சிக்கலையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும், மனதைத் தேற்றுவதோடு நிறுத்தினால் ரிசல்ட் நாளில் எல்லாம் திரும்பி வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழோடு 65 வரை தளர்வு உண்டு. படிப்பில் இடைநிறுத்தம் எடுத்துத் திரும்பிச் சேரவும் விதியில் இடமிருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை, ஷார்டேஜ் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிறார்கள். துறைத் தலைவரிடம் இதை அவன் தனியாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை, நீங்களோ ஆலோசகரோ கூடப் போகலாம். சான்றிதழில் நோயின் பெயரை விலாவாரியாக எழுத வேண்டியதும் இல்லை, மருத்துவ ஓய்வு தேவை என்று இருந்தால் போதும். மறுபடி எழுத வழி இருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு: ஸ்நேகா போன்றவர்களின் வற்புறுத்தலால் பிளஸ் டூவில் தவறியவர்கள் அதே வருடம் எழுதித் தேற உடனடித் துணைத் தேர்வு வந்தது, வருடம் வீணாகாது என்றானதும் தேர்வுத் தோல்வித் தற்கொலைகள் குறைந்தன.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்க்கிறேன். பக்கத்துக் கல்லூரியிலோ உங்கள் கல்லூரியிலோ ஒரு மரணம் நடந்தால் அந்தச் செய்தியை, கடிதத்தின் படத்தை, எப்படி நடந்தது என்கிற விவரத்தைக் குழுக்களில் பகிராதீர்கள், பகிர்பவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டுக்கு முன்னால் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து, அந்தப் பையனைத் தியாகியாக்கி ஸ்டேட்டஸ் போடுவதெல்லாம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் இன்னொருவனுக்கு "இப்படியாவது என்னைக் கவனிப்பார்கள்" என்று சொல்லும். இளைஞர்களிடையே இது தொற்றும். அந்த வாரம் உங்கள் ரூம்மேட்டைத் தனியாக விடாதீர்கள்.

நீங்களும் மூன்றாம் ஆண்டு மாணவர்தான். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் லேப் போனால் இரண்டு வாரத்தில் நீங்களே விழுந்துவிடுவீர்கள். இரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை உங்கள் போனை எடுக்க வேறு ஒருவர் இருக்க வேண்டும், அதை அவனிடமும் சொல்லிவிடுங்கள். 14416 உங்களுக்கும்தான். நாளைக் காலை வகுப்புக்குப் போகும் முன் அவனோடு பேசிவிடுங்கள், மதியத்துக்குள் அவன் சொல்லும் பெரியவருக்குப் போன் போயிருக்க வேண்டும்.